அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சொந்த நாட்டு வரலாறு தெரியாதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 மே மாதம் அமெரிக்கச் செய்திகளில் ஓர் எண் சுற்றிச் சுற்றி வந்தது: 13 சதவீதம். முந்தைய ஆண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடந்த நாடு தழுவிய வரலாற்றுத் தேர்வின் முடிவு அது. அங்கே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோர் பதறினார்கள். இங்கிருந்து பார்த்தவர்கள், "அமெரிக்காவிலேயே இப்படியா?" என்று உச்சுக்கொட்டினார்கள். இரு தரப்பும் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

13 சதவீதம் என்றால் மீதி 87 பேரும் ஃபெயிலா?

இல்லை. இந்தத் தேர்வில் பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது. அளவுகோல் 0 முதல் 500 வரை. எட்டாம் வகுப்பு வரலாற்றில் 252 எடுத்தால் 'பேசிக்', 294 எடுத்தால் 'ப்ரொஃபிஷியன்ட்', 327 எடுத்தால் 'அட்வான்ஸ்டு'. செய்தியில் வந்த 13 சதவீதம் 294-ஐ எட்டியவர்கள். அது எட்டாம் வகுப்புப் பிள்ளை சாதாரணமாக எட்டவேண்டிய தரம் அல்ல, அதற்கு மேலே வைக்கப்பட்ட படி. தேர்வை நடத்துபவர்களே இதை ஒவ்வொரு முறையும் எழுதிவைக்கிறார்கள். தலைப்பு எழுதுபவர்கள்தான் படிப்பதில்லை.

உறுத்தவேண்டிய எண் வேறு. 252-ஐக்கூட எட்டாதவர்கள் 2014-இல் 29 சதவீதம், 2018-இல் 34, 2022-இல் 40. அதாவது பத்தில் நான்கு பிள்ளைகள் அடிப்படைப் படிக்குக் கீழே நிற்கிறார்கள்.

இந்தத் தேர்வை நடத்துவது யார்?

தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'நேப்' என்பார்கள். 'நாட்டின் ரிப்போர்ட் கார்டு' என்ற செல்லப்பெயரும் உண்டு. 1969-இல் தொடங்கியது. மத்தியக் கல்வித் துறையில் உள்ள கல்விப் புள்ளிவிவர மையம் நடத்துகிறது. எதைக் கேட்பது, எந்தப் படியை எங்கே வைப்பது என்பதை 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் உருவாக்கிய தனிக் குழு முடிவு செய்கிறது.

இதை எல்லாப் பிள்ளைகளும் எழுதுவதில்லை. நாடெங்கும் பள்ளிகளை மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்து, அவற்றிலிருந்து சில ஆயிரம் பேரை மட்டும் எழுதவைக்கிறார்கள். அவர்களுக்கும் முழுக் கேள்வித் தொகுப்பு வராது, ஆளுக்கொரு பகுதிதான். பிறகு புள்ளியியல் முறையில் சேர்த்து நாட்டுக்கு ஒரு படம் வரைகிறார்கள். தனிப் பிள்ளையைச் சோதிக்க இந்த அமைப்பு உதவாது. நாட்டின் நாடி பார்க்க உதவும்.

என் மகள் பள்ளியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். அவள் மார்க் எங்களுக்குத் தெரியுமா?

தெரியாது. பள்ளிக்கும் தெரியாது. அவளுடைய கிரேடை இது தொடாது. விருப்பமில்லை என்றால் எழுதாமலும் இருக்கலாம். டியூஷன் தேவையில்லை.

எப்போதும் எட்டாம் வகுப்பைப் பற்றியே பேசுகிறார்களே, ஏன்?

மற்ற வகுப்புகளில் நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் காரணம். 2010 வரை நான்கு, எட்டு, பன்னிரண்டு ஆகிய மூன்று வகுப்புகளிலும் வரலாறு சோதிக்கப்பட்டது. 2014, 2018, 2022 ஆகிய மூன்று முறையும் எட்டாம் வகுப்பில் மட்டும். ஆகவே பள்ளியை முடித்து ஓட்டுப்போடப் போகும் பதினெட்டு வயதுக்காரர்களின் வரலாற்றறிவு பற்றி 2010-க்குப் பிறகு இந்தத் தேர்வில் எண் கிடையாது. "இன்றைய இளைஞர்களுக்கு எதுவும் தெரியவில்லை என்று நேப் நிரூபித்துவிட்டது" என்று யாராவது மேடையில் சொன்னால் எந்த வகுப்பு, எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

எந்த மாதிரிக் கேள்விகள் வரும்?

நான்கு பெரும் பொருள்களைச் சுற்றிக் கேள்விகள் அமைகின்றன: ஜனநாயகம், மக்களும் பண்பாடும், பொருளாதாரமும் தொழில்நுட்பமும், உலகில் அமெரிக்காவின் இடம். ஒரு பகுதி நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். மற்றவை சொந்த வார்த்தையில் எழுதவேண்டியவை. செய்தியில் அடிபடுவதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். அதிலேதான் ஏமாற்றமும் இருக்கிறது.

2010-இல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் லிங்கன் படத்தைக் காட்டினார்கள். முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 9 சதவீதம். "பத்தில் ஒருவனுக்குக்கூட லிங்கனைத் தெரியவில்லை" என்று இதைப் படித்தால் தப்பு. படத்தில் இருப்பவர் யார் என்று சொல்வதோடு, அவர் ஏன் முக்கியமானவர் என்பதற்கு இரண்டு காரணமும் எழுதவேண்டும். பெயரையும் ஒரு காரணத்தையும் எழுதிய பிள்ளை அந்த 9-இல் சேராது. ஒன்பது பத்து வயதுப் பிள்ளை ஒரு காரணத்தை எழுதிவிட்டு பென்சிலைக் கீழே வைப்பது உலக அதிசயமா?

அதே ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் கேட்ட ஒன்று நிஜமாகவே வருத்தம் தரும். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிரௌன் வழக்குத் தீர்ப்பிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். தனித்தனிக் கல்விக்கூடங்கள் தம் இயல்பிலேயே சமமற்றவை என்ற வரி அதில் இருக்கிறது. இந்தத் தீர்ப்பு எந்தச் சமூகக் கேட்டைத் திருத்த வந்தது என்பது கேள்வி. முழுமையான விடை எழுதியவர்கள் 2 சதவீதம். பாதி விடை எழுதியவர்களையும் சேர்த்தால் படம் கொஞ்சம் மாறும்தான். ஆனாலும் பள்ளியை முடிக்கப்போகும் பிள்ளைகள். விடையின் பாதி கேள்வியிலேயே கிடக்கிறது.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படியா இருந்தார்கள்?

இப்படியேதான் இருந்தார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1917-இல், முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கிய அதே ஆண்டில், கார்ல்டன் பெல், டேவிட் மெக்காலம் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் சுமார் 1,500 மாணவர்களிடம் அமெரிக்க வரலாற்றின் அடிப்படைப் பெயர்களையும் ஆண்டுகளையும் கேட்டுப் பார்த்தார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சராசரியாக 33 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். கல்லூரிக்குப் போனவர்கள் 49. மூன்றாம் ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனையும், உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியவர்கள் இருந்தார்கள். மெக்சிகோவுடன் போர் மூண்ட 1846-ஐப் பார்த்து விழித்தார்கள். அந்தப் போர் மூண்டதே டெக்சாஸை அமெரிக்கா சேர்த்துக்கொண்ட தகராறில்தான்! சொந்த வீட்டுத் தகராறே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எந்தப் பள்ளியும் பெருமைப்படக்கூடிய எண் அல்ல இது என்று அந்த இருவரும் அன்றே எழுதினார்கள்.

அடுத்து 1943. நியூயார்க் டைம்ஸ் 36 கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் 7,000 பேரிடம் சோதனை வைத்தது. முதல் 13 குடியேற்றங்களின் பெயர்களை முழுதாகச் சொன்னவர்கள் சுமார் 6 சதவீதம். லிங்கன் செய்த இரண்டு காரியங்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் நான்கில் ஒருவர்கூட இல்லை. நாடு போரில் இருந்த நேரம், முதல் பக்கச் செய்தி, பெரிய ரகளை. வரலாற்றாசிரியர்களின் சங்கங்கள் சேர்ந்து குழு அமைத்து அறிக்கை தரும் அளவுக்குப் போனது. இதிலே ஒன்றைக் கவனியுங்கள். பிற்காலத்தில் 'மகத்தான தலைமுறை' என்று கொண்டாடப்பட்டவர்கள் இந்த வயதுக்காரர்கள்தான். இன்றைய பிள்ளைகளைத் திட்டுவதற்கு எடுத்துக்காட்டாக அவர்களைத்தான் காட்டுகிறார்கள்.

பிறகு 1986. பதினேழு வயதுக்காரர்கள் ஏறக்குறைய 8,000 பேர், 141 கேள்விகள், சராசரி 54.5 சதவீதம். உள்நாட்டுப் போர் 1850-க்கும் 1900-க்கும் இடையில் நடந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் மூன்றில் ஒருவர். மறுபடியும் கூச்சல்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுக் கல்வியை ஆராய்ந்த சாம் வைன்பர்க் இந்தத் தொடர்கதையைப் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டிவருகிறார். பொற்காலம் என்று ஒன்று இருந்ததற்குச் சோதனைத் தாள்களில் சாட்சி இல்லை. நூறாண்டாக ஒரே அதிர்ச்சி, ஒரே தலைப்பு.

அப்படியானால் 2022-இல் வந்த இறக்கம் வெறும் புரளியா?

அதுவும் இல்லை. மேலே சொன்ன மூன்று சோதனைகளும் வெவ்வேறு கேள்விகள், வெவ்வேறு வயது, வெவ்வேறு அளவுகோல். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. 'எக்காலத்திலும் அதிர்ச்சி' என்பதைத் தவிர அவை வேறெதையும் சொல்லவில்லை. நேப் 1994 முதல் ஒரே அளவுகோலைப் பிடித்துவருகிறது. எட்டாம் வகுப்புச் சராசரி: 1994-இல் 259, 2001-இல் 260, 2006-இல் 263, 2010-இல் 266, 2014-இல் 267, 2018-இல் 263, 2022-இல் 258.

இருபது ஆண்டு பொறுமையாக ஏறியதை எட்டே ஆண்டில் இழந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டார்கள். 2022-இல் நான்கு பொருள்களிலும் இறக்கம். கொரோனா மேல் பழிபோடுவது எளிது. ஆனால் 267-இலிருந்து 263-க்குச் சரிந்தது கொரோனாவுக்கு முன்பே. நான் எந்த அலறலையும் சந்தேகத்தோடு பார்ப்பவன்தான். இந்த வரிசையை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

இறக்கத்துக்குக் காரணம் என்ன?

தேர்வு காரணம் சொல்லாது, அளவு மட்டும் சொல்லும். மற்றதெல்லாம் ஊகம். நியாயமான ஊகங்களில் முதலாவது நேரம். 2002-இல் சட்டமான 'எந்தப் பிள்ளையும் பின்தங்கலாகாது' சட்டம், மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் சோதிக்கச் சொன்னது. வரலாற்றைச் சோதிக்கச் சொல்லவில்லை. சோதிக்காத பாடத்துக்கு டைம்டேபிளில் என்ன கதி நேரும் என்பதைத் தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு வகுப்பில் பி.இ.டி. பீரியடை இழந்த எவருக்கும் விளக்கவேண்டாம். ஆனால் அந்தச் சட்டம் நடப்பிலிருந்த காலத்தில்தான் மதிப்பெண் 260-இலிருந்து 267-க்கு ஏறியது. அந்த ஊகத்தை முழுதாக நம்புபவர்கள் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

இரண்டாவது ஊகம் வாசிப்பு. வரலாற்றுத் தாள் என்பது பாதி வாசிப்புத் தாள். எட்டாம் வகுப்பின் வாசிப்பு மதிப்பெண்ணும் இதே ஆண்டுகளில் இறங்கியது. பழைய ஆவணத்தின் நான்கு வரியைப் படித்து முடிப்பதற்குள் களைக்கும் பிள்ளைக்கு 1787-இல் அரசியல் சாசனம் எழுதப்பட்டது தெரிந்திருந்தாலும் விடையில் அது வந்துசேராது.

கேள்விகளைத் தயாரிப்பதிலேயே வில்லங்கம் இருக்கிறதாமே?

வில்லங்கம் என்பதைவிட, வெளியே சொல்லாத ஒரு விதி என்று சொல்லலாம். பெரிய தேர்வுகளில் ஒரு கேள்வியை முதலில் முன்னோட்டமாகச் சில பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். ஏறக்குறைய எல்லாரும் சரியாகச் சொன்னால் அந்தக் கேள்வி பிள்ளைகளை வேறுபடுத்திக் காட்டாது, அதனால் அதற்கு இடம் கிடைப்பது அரிது. எல்லாருக்கும் தெரிந்ததை இப்படிக் களைந்துகொண்டே போனால் தாளில் மிஞ்சுவது பாதிப் பேருக்குத் தெரியாத விஷயம்தான். பிறகு அந்தத் தாளை வைத்துக்கொண்டு "பாதிப் பேருக்குத் தெரியவில்லை" என்று எழுதுகிறோம்.

பிள்ளைகளுக்குத் தெரிந்தது எது என்று யாராவது கேட்டார்களா?

கேட்டார்கள். கட்டுரைகளில் எனக்குப் பிடித்தது இதுதான். வைன்பர்க்கும் சான்சி மான்ட்டி-சானோவும் நாடெங்கும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 2,000 பேரிடம் வெற்றுத்தாளைக் கொடுத்தார்கள். கொலம்பஸ் காலம் முதல் இன்றுவரை மிகப் புகழ்பெற்ற அமெரிக்கர்களை எழுதுங்கள், ஜனாதிபதிகளும் அவர்கள் மனைவிமாரும் வேண்டாம் என்றார்கள். 2008-இல் முடிவு வெளிவந்தது. மார்ட்டின் லூதர் கிங் 67 சதவீதம், பேருந்தில் நிறப் பிரிவினையை எதிர்த்த ரோசா பார்க்ஸ் 60, அடிமைகளைத் தப்பவைத்த ஹாரியட் டப்மன் 44. வெள்ளையர்களில் முதலிடம் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. ஆண்டனிக்கு.

முதல் மூன்று பேரும் கறுப்பினத்தவர், அதில் இருவர் பெண்கள். 1950-களில் இதே தாளைக் கொடுத்திருந்தால் வந்திருக்கவே முடியாத பட்டியல். பள்ளி எதைச் சொல்லிக்கொடுத்ததோ அது பிள்ளைகள் மண்டையில் ஏறித்தான் இருக்கிறது. நாம் எதிர்பார்த்தது அதுவா என்பது வேறு சண்டை.

நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு என்று வைத்தால் முடிந்ததே?

வைத்துப் பார்க்க முயன்றார்கள், கை சுட்டுக்கொண்டார்கள். அமெரிக்காவில் பாடத்திட்டம் மாநிலத்தின் உரிமை. வர்ஜீனியா, டெக்சாஸ், நியூயார்க் போன்ற மாநிலங்கள் தங்களுக்கென்று வரலாற்றுத் தேர்வு வைத்திருக்கின்றன. 1994-இல் தேசிய வரலாற்றுத் தர அளவுகளைத் தயாரித்தபோது, அந்த வேலைக்கு முன்பு பணம் ஒதுக்கிய அமைப்பின் தலைவராக இருந்த லின் சேனியே அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். நாட்டின் தந்தைமார்களை ஓரங்கட்டி, குறைகளையே பெரிதாக்குகிறார்கள் என்பது புகார். 1995 ஜனவரியில் செனட் 99-க்கு 1 என்று கண்டனத் தீர்மானம் போட்டது.

இருபது ஆண்டு கழித்து அதே கதை. கல்லூரிக்கு ஈடான ஏ.பி. அமெரிக்க வரலாற்றுப் பாடத்தின் சட்டகம் 2014-இல் மாறியபோது குடியரசுக் கட்சி எதிர்த்தது. கொலராடோவின் ஜெஃபர்சன் கவுன்டியில் பாடத்தைத் திருத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு மாணவர்களே வகுப்பைவிட்டு வெளியேறிப் போராடினார்கள். ஏ.பி. பாடங்களை நடத்தும் காலேஜ் போர்டு 2015-இல் சட்டகத்தைத் திருத்தி வெளியிட்டது. எதைச் சோதிப்பது என்பது அங்கே கல்வி விவகாரம் மட்டும் அல்ல, கட்சி விவகாரமும்கூட.

நாங்கள் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவுக்குப் படிக்கும் கேள்விகளைப் பள்ளியிலும் கேட்கிறார்களா?

பல மாநிலங்களில் கேட்கிறார்கள். 2015 ஜனவரியில் அரிசோனா முதலில் சட்டம் போட்டது: குடியுரிமைத் தேர்வின் 100 கேள்விகளில் 60-க்குச் சரியான விடை சொன்னால்தான் பள்ளிப் பட்டயம். ஒருமுறை தவறினால் திரும்ப எழுதலாம். பிறகு பல மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் பின்தொடர்ந்தன.

குடியேறியவர்களுக்கான தேர்வோ மாறிவிட்டது. 2008 முதல் இருந்த முறையில் 100 கேள்விப் பட்டியலிலிருந்து 10 கேட்டு 6 சொன்னால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குப் பட்டியல் 128, கேட்பது 20 வரை, சரியாகச் சொல்லவேண்டியது 12. பழைய தாளை வைத்துப் படிக்கும் மாமனார் மாமியாருக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிட்டு வைக்கும் தேர்வு நினைவாற்றலைத்தான் சோதிக்கும். அதில் கெடுதல் இல்லை. அதை வரலாற்றறிவு என்று கணக்கில் எழுதுவதுதான் கூடாது.

அப்படியென்றால் ஆண்டுகளும் பெயர்களும் மனப்பாடம் வேண்டாமா?

வேண்டும். ஆண்டு தெரியாதவன் ஆவணத்தைப் படித்து ஏமாறுவான். வைன்பர்க்கின் ஸ்டான்ஃபோர்ட் குழு தயாரித்த சின்னச் சோதனை ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. ஜீன் ஃபெரிஸ் வரைந்த 'முதல் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) 1621' ஓவியத்தைக் கொடுக்கிறார்கள். கறுப்பு உடையில் குடியேறிகள், தரையில் உட்கார்ந்த வாம்பனோக் பழங்குடியினர், நடுவே விருந்து. கீழே ஓவியம் வெளிவந்த ஆண்டு: 1932. 1621-இல் இரு தரப்பும் எப்படிப் பழகினார்கள் என்று அறிய இந்த ஓவியம் உதவுமா என்று கேட்கிறார்கள்.

பெரும்பாலான மாணவர்கள் படத்துக்குள்ளேயே மூழ்கிவிடுகிறார்கள்: உணவைப் பகிர்கிறார்கள், ஆகவே நட்பாக இருந்தார்கள், ஆகவே உதவும். நடுவே 311 ஆண்டு இடைவெளி இருப்பதைக் கவனிப்பவர்கள் கொஞ்சம் பேர். கண்ணுக்கு எதிரே அச்சிட்ட ஆண்டை எடுத்து ஆயுதமாக்கத் தெரிவதுதான் இங்கே சோதிக்கப்படுகிறது. கணினி திருத்தும் வட்டக் குறித்தாளில் இதைச் சோதிப்பது கடினம். எழுதவைத்து, ஆளை உட்காரவைத்துத் திருத்தவேண்டும், செலவு பிடிக்கும். ஏ.பி. தேர்வில் 1973 முதல் இருக்கும் ஆவணக் கேள்வி இந்த வழியில் போகிறது. ஏழு ஆவணங்களைக் கொடுத்து, அவற்றை வைத்து வாதம் எழுதச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாடத்தை எடுப்பவர்கள் எல்லாரும் அல்ல.

இந்தியாவில் இப்படி ஏதாவது உண்டா?

தேசிய அடைவு ஆய்வு இதே மாதிரிமுறையில் நடந்திருக்கிறது. 2021-இல் எட்டு, பத்தாம் வகுப்புகளில் சமூக அறிவியலும் இருந்தது. அதில் வரலாறு தனிப் பாடம் அல்ல, புவியியலும் குடிமையியலும் கலந்த ஒரே கலம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தனி மாணவருக்கான மதிப்பெண். தேர்வின் நோக்கமே வேறு.

என் பையனை வீட்டில் சோதித்துப் பார்க்க நேப் கேள்விகள் கிடைக்குமா?

கிடைக்கும், இலவசம். பயன்படுத்தி முடித்த கேள்விகளில் ஒரு பங்கை நேப் தன் வலைத்தளத்தில் போட்டுவைத்திருக்கிறது. கூடவே நாட்டில் எத்தனை சதவீதம் பேர் சரியாக எழுதினார்கள் என்ற எண்ணும், எழுத்து விடைகளுக்கு மதிப்பெண் வழிகாட்டியும், உண்மையான மாணவர் விடைகளின் மாதிரியும் இருக்கும்.

வட்டம் போடும் கேள்விகளை விட்டுவிட்டு ஓர் எழுத்துக் கேள்வியை எடுங்கள். பையன் எழுதட்டும், நீங்களும் தனித்தாளில் எழுதுங்கள். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு வழிகாட்டியை வைத்து அவன் உங்களுடையதையும் நீங்கள் அவனுடையதையும் திருத்துங்கள். முழு மதிப்பெண்ணுக்கும் பாதி மதிப்பெண்ணுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது அப்போது பிடிபடும். உள்நாட்டுப் போர்க் காலத்துக் கேள்வியாக எடுத்தால், இந்தியாவில் படித்துவிட்டுப் போன பெற்றோர் தோற்க வாய்ப்பு அதிகம். பையனுக்கு அதுவே போதுமான ஊக்கம்.